மூன்று கார்ட்ஸும் ஒரு பட்டனும்

1

நான் டோர்ட்முண்டுக்கு வந்து இந்தச் சித்திரையோடு இருபது வருடம். என் மனைவி கேக் வாங்கி, அதன்மேல் இருபது என்று எழுதி வைத்திருந்தாள். கொண்டாடும்படி இந்த இருபது வருடத்தில் நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை. பார்சல் கிடங்கில் நின்று பெட்டிகளைப் பிரித்து அனுப்புகிறேன். கையிலிருக்கும் ஸ்கேனர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சத்தம் போடும். எட்டு மணி நேரமும் அதே சுரம். திருவண்ணாமலையில் ஒரு காலத்தில் ‘கார்ட்ஸ் சேகர்’ என்று பெயர் வாங்கியவனுக்குக் கடைசியில் வாய்த்த வாத்தியம் அதுதான்.

கார்ட்ஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வது. பாடுகிறவர் பாட்டுக்கு அடியில் விரிக்கிற பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே மூன்று கார்ட்ஸ் தெரிந்தால் ஆயிரம் பாட்டுக்குப் பாய் விரிக்கலாம். எனக்கு நூற்றுக்குமேல் தெரியும். அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கேக் வெட்டியதும் என் மகள் சகானா, “அப்பா, உங்களுக்கு ஒரு பரிசு” என்று சொல்லிவிட்டு யுகுலேலி என்ற நான்கு தந்திச் சின்னக் கிட்டாரை எடுத்து வந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து கைக்குழந்தையாக இங்கே வந்தவள். அதனால் மகளின் தமிழ் அம்மாவின் தமிழ். சகானா என்ற ராகத்தின் பெயரை மட்டும்தான் நான் வைத்தேன். ஆறு வயதில் அவளுக்கு கீபோர்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன், ஒன்பது வயதில் அவள் அழுதுகொண்டே நிறுத்தினாள். ஒரு கார்டைத் தப்பாகப் பிடித்தால் விரலில் பென்சிலால் தட்டுவேன். மெதுவாகத்தான் தட்டினேன் என்று இன்றும் நான் சொல்லிக்கொள்கிறேன், அவள் அப்படிச் சொல்வதில்லை.

அவள் பாடிய பாட்டு இரண்டு வருடமாக எங்கள் ஊரில் மலை சுற்றுகிறவர்கள் எல்லாரும் பாடுவது. ‘இன்னும் கொஞ்சம் நட’ என்று பல்லவி. சாமி பெயரே வராது. கால், ரோடு, பக்கத்தில் நடக்கிறவன், அவ்வளவுதான். ஆட்டோவில் ஒலிக்கிறது, செங்கம் ரோட்டுக் காப்பிக்கடையில் வெள்ளைக்காரர்கள் கிட்டாரில் பாடுகிறார்கள். மூன்று கார்ட்ஸ்.

“இது உங்கட ஊர்ப் பாட்டு. ஃபோனில பார்த்துப் பழகினனான்” என்றாள்.

அவள் இரண்டாவது முறை பல்லவியைப் பாடும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்துபோய் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவள் குரலுக்கு அடியில் ஏழாவது சுரம், ஒன்பதாவது சுரம் எல்லாம் சேர்த்து அடுக்கினேன். நான்காவது வரியில் அவளுக்குச் சுருதி நழுவியது. நிறுத்திவிட்டாள்.

“நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்” என்று சொல்லி யுகுலேலியை உறையில் போட்டாள். பிறகு, “கோடைக்கு இந்தியா போகேக்க இந்தப் பாட்டுப் போட்டவரைச் சந்திக்கவேணும். பஷீர் எண்டு பேர். நான் பாடின வீடியோவுக்கு இதயம் போட்டவர்” என்றாள்.

பஷீரை எனக்குத் தெரியும் என்று நான் அவளிடம் அதுவரை சொன்னதில்லை.

2

பஷீரும் நானும் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தோம். நடராஜண்ணன் என்பவருடைய குழு. கீழ்பென்னாத்தூர், செங்கம், போளூர் பக்கமெல்லாம் கல்யாணம், கூழ் ஊற்றும் திருவிழா என்று வேனில் போவோம். பஷீரின் அப்பா தேரடி வீதியில் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்தவர். பஷீர் யாரிடமும் படித்ததில்லை. வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் வாசிப்பான். வேறு சுருதி வேண்டுமென்றால் கீபோர்டில் இருக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்குவான். ஒரு முறை அமுக்கினால் மொத்த வாத்தியமும் அரைச் சுருதி மேலே போய்விடும், கை பழைய இடத்திலேயே இருக்கலாம். எங்கள் பக்கத்து கீபோர்டுக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

நான் அப்படியில்லை. வேலூரில் மேற்கத்திய இசைக்கு கிரேடு பரீட்சை எழுதியவன். பஷீரை ‘பட்டன் பாய்’ என்று கூப்பிட்டேன். எல்லாருக்கும் முன்னால், மைக் ஆனில் இருக்கும்போதே கூப்பிடுவேன். அவன் சிரிப்பான்.

“இன்னா பண்றது சேகரு, உனுக்குக் கறுப்புக் கட்டையும் சேத்துக் குடுத்துட்டான் ஆண்டவன். எனக்கு வெள்ளையோட நிறுத்திக்கினான்” என்பான்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், ஜனங்கள் அவன் வாசித்தால்தான் கூடப் பாடினார்கள். நான் வாசித்தால் என்னைப் பார்த்தார்கள். பார்ப்பதே பெரிது என்று அப்போது நினைத்தேன்.

குழுவில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள், பெயர் வேண்டாம். நல்ல குரல், பயந்த சுபாவம். அவளுக்குக் கைதட்டல் விழுந்த மறுநாள் நான் அவள் பாட்டுக்கு அடியில் யாரும் கேட்டிராத கார்ட்ஸாகப் போட்டேன். பாய் விரிக்கிறவன் பாயை இழுத்தால் என்ன ஆகும்? சரணத்தில் அவள் தடுமாறி நின்றாள். முன்வரிசையில் ஒரு ஆள் விசில் அடித்தான். வேனில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பஷீர் மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: “அந்த எடத்துல அவ்ளோ ஜாஸ்தி எதுக்குடா?”

“உனக்குப் புரியாது” என்றேன். அவனுக்குப் புரிந்ததால்தான் கேட்டான்.

3

ஜெர்மனியிலிருக்கும் ஒரு தமிழ்ச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் சாமி கும்பிட வந்தார்கள். அப்படியே எங்கள் குழுவை ஆண்டுவிழாவுக்கு அழைத்துப் போகலாமா என்று பார்க்க வந்தார்கள். விசா எட்டுப் பேருக்குத்தான், கீபோர்டுக்கு ஒரே இடம். நடராஜண்ணன் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு செய்தார். “ஆளுக்கு ஒரு பாட்டு வாசிங்கடா. அவங்களே சொல்லட்டும், எனக்கு ரெண்டு பேரும் புள்ளைங்கதான்” என்றார்.

காலை ஒத்திகையிலேயே அந்த இருவரும் பஷீர் வாசித்ததை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். நான் வாசித்தபோது தலையாட்டினார்கள். முணுமுணுப்பதற்கும் தலையாட்டுவதற்கும் வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும்.

குழுவின் கீபோர்டு பழசு. அதன் திரையில் விளக்கு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது; என்ன எண்ணில் இருக்கிறது என்று பார்க்க முடியாது. அதனால் எல்லாரும் எண்ணித்தான் அமுக்குவோம். இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால் பூஜ்யத்துக்கு வரும், பிறகு வேண்டிய அளவு எண்ணி அமுக்கவேண்டும். பஷீர் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வாய்விட்டு “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணி அமுக்கினான். பாட்டுக்கு இரண்டுதான் வேண்டும். பிறகு தண்ணீர் குடிக்கப் போனான்.

மேடையில் நான் மட்டும் இருந்தேன். மூன்றாவது முறை நான் அமுக்கினேன். அதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

அவன் வந்து முன்னிசையைத் தனியாக வாசித்தான், அருமையாக இருந்தது. பிறகு கிட்டாரும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தன. அவர்கள் ஒரு சுருதியில், பஷீர் அரைச் சுருதி மேலே. காதில் தகரத்தைக் கீறியதுபோல இருந்தது. பாடகர் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடியே நின்றார். பஷீர் பதறிப்போய் பட்டனை அமுக்கினான், அதையும் தப்பான பக்கம் அமுக்கினான். இன்னும் மேலே போயிற்று. கறுப்புக் கட்டை தெரிந்திருந்தால் அரை நிமிடத்தில் சமாளித்திருப்பான், அவனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சங்கத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து நான் வாசித்தேன். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு பட்டனைத் தொடவே இல்லை. எனக்குப் பெயரெடுத்துக் கொடுத்த கார்ட்ஸ் எல்லாவற்றையும் போட்டேன். இடம் எனக்குக் கிடைத்தது.

அத்தோடு விட்டேனா? இல்லை. ‘ரெண்டு எண்ணத் தெரியாதவன்’ என்று அவனுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். குழுவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நடராஜண்ணன் அவனை ஸ்பீக்கர் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போட்டார். கொஞ்ச நாளில் அவன் நின்றுவிட்டான்.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். பாதாம் அல்வா ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தான். “டேய் சேகரு, அன்னிக்கி நான்தான் தப்பா எண்ணிட்டேன்டா. மேடைல உன் மானத்தையும் சேத்து வாங்கிட்டேன். மனசுல வெச்சிக்காத” என்றான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பரவால்ல விடுறா” என்று அவன் தோளில் தட்டினேன். அந்தத் தட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு என் கையைப் பிடிக்காது.

4

ஆண்டுவிழா முடிந்து குழு திரும்பியது. அங்கே பார்த்துப் பழகிய பெண்ணுக்காக நான் அடுத்த வருடமே மறுபடி வந்து கல்யாணம் செய்துகொண்டேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கி என்னை ‘திரு. முனுசாமி’ ஆக்கினார்கள். செத்துப்போன என் அப்பாவை இருபது வருடமாகக் கிடங்கில் அதட்டுகிறார்கள். முதல் நேர்காணலில் அங்கே அதிகாரியாக இருந்த அம்மாவை ஜெர்மன் மொழியில் ‘நீ’ என்று கூப்பிட்டுவிட்டேன்; பாடப்புத்தகத்தில் முதலில் வருவது அதுதானே. அவர் பேனாவைக் கீழே வைத்து, தாம் என் தோழி இல்லை என்று நிதானமாகச் சொன்னார். தொழில் என்ற இடத்தில் இசைக் கலைஞர் என்று எழுதியிருந்தேன். சான்று கேட்டார். நூறு கார்ட்ஸுக்கு எங்கே போய்ச் சான்று வாங்குவது? அடித்துவிட்டு, கிடங்குத் தொழிலாளி என்று எழுதினேன்.

சனி ஞாயிறுகளில் நம்மவர் கல்யாணங்களில் வாசித்துப் பார்த்தேன். “அண்ணை, கொஞ்சம் லேசா வாசியுங்கோ, சனம் ஆடவேணும்” என்பார்கள். நான் லேசாக வாசிக்க மாட்டேன் என்றேன். மெல்ல மெல்லக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

கடினமான கார்ட்ஸ் கெட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. நம் பாட்டுகளில் சிலவற்றுக்கு அடியில் இருபது கார்ட்ஸ் ஓடும், மேலே பால்காரர் சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டு போவார். அடியில் இருக்கும் கஷ்டம் அவருக்குத் தெரியவே தெரியாது. அப்படிப் போடுகிறவன் மேதை. நான் போட்டது அடியில் இருக்கும் என்னைத் தெரியப்படுத்த. கேட்கிறவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. எனக்கு விளங்க இருபது வருடம் ஆனது, விளங்கிய பிறகும் கேக் வெட்டிய அன்று என்ன செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

5

ஆடி மாதம் ஊருக்குப் போனோம். அம்மா இறந்தபின் வாரிசுச் சான்று வாங்கவேண்டியிருந்தது. வேங்கிக்கால் அலுவலகத்தில் என் பாஸ்போர்ட்டில் செத்துப்போன அப்பாவின் பெயரான முனுசாமி முன்னால் நிற்பதைக் காட்டி, “இதுல செத்தது யாரு, வந்திருக்கறது யாரு சார்?” என்று கேட்டார் கிளார்க். நியாயமான கேள்விதான். இன்னொரு தாள் கொண்டுவரச் சொன்னார். அவர் மேசை மேல் இருந்த ஃபோன் அடித்தது. ‘இன்னும் கொஞ்சம் நட’. சகானா சிரித்துவிட்டாள். கிளார்க்கும் சிரித்தார். “இங்கதான் மூணாவது தெருவுல பஷீர் அண்ணன் ஸ்டுடியோ. பாத்துட்டுப் போம்மா” என்று வழியும் சொன்னார். இனி தப்பிக்க வழியில்லை.

“பஷீரை எனக்குத் தெரியும். ஒரே குழுவில் இருந்தோம்” என்று ஆட்டோவில் சொன்னேன்.

“பிறகேன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்றாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பஷீர் வாசலுக்கே வந்தான். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் நின்றான். ‘டேய் சேகரு’ என்பான் என்று என் காது தயாராக இருந்தது.

“வாங்க சேகர் சார். உள்ள வாங்க” என்றான். “உக்காருங்க. டீ சாப்புடுறீங்களா?”

வெளிநாட்டவர் அலுவலகத்து அம்மா பேனாவைக் கீழே வைத்த சத்தம் கேட்டது எனக்கு.

சகானாவை மட்டும் ‘வாம்மா, போம்மா’ என்று பேசினான். அவள் தமிழைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தான். அவள் விடாமல் கேள்வி கேட்டாள். ஏன் மூன்று கார்ட்ஸ் மட்டும்?

“மலைய சுத்தறவங்களுக்கு மூச்சு வாங்கும்மா. நாலு அடிக்கு ஒரு கார்டு. அடுத்தது இன்னா வரும்னு காலுக்கே தெரிஞ்சிடணும். அப்பதான் பாடிக்கினே நடக்கலாம். பாதில புதுசா எதுனா போட்டா நின்னு திரும்பிப் பாப்பாங்க. நடக்கறவன நிறுத்தறதா நம்ம வேல?”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும். “அதுக்குன்னு பெரிய கார்ட்ஸே வேணாம்னு இல்லையே பஷீரு” என்றேன்.

“நான் எங்க சார் வேணாம்னேன்? பாட்டுக்காகப் போட்டா எவ்ளோ வேணா போடலாம். நீங்க பாட்டுக்காகவா போட்டீங்க? பாடற புள்ளைய அழ வைக்கத்தானே போட்டீங்க.”

குரலை உயர்த்தவே இல்லை. சகானா என்னைப் பார்த்தாள். பென்சில் ஞாபகம் வந்திருக்கும்.

பிறகு அவளைப் புது கீபோர்டுக்கு முன்னால் உட்காரவைத்தான். பெரிய திரை, எண் பளிச்சென்று தெரிந்தது. “வாசிக்கறதுக்கு முன்னாடி மொதல்ல ரெண்டு பட்டனையும் சேத்து அமுத்தி சைபர் பண்ணிக்கம்மா. நீ வெச்சது வெச்ச மாதிரியே இருக்கும்னு நம்பாத.”

“ஏன் அங்கிள்? ஆர் மாத்துவினம்?”

“ஒருவாட்டி நான் ரெண்டு அமுத்தினேன். தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தா மூணு ஆயிருந்திச்சி. எனக்கு எண்ணத் தெரியலன்னு ஊரே சிரிச்சிது.” கட்டையின்மேல் இருந்த தூசியைத் துணியால் துடைத்தான். “ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவனாம்மா நானு?”

அவள் பாடினாள். பஷீர் மூன்று கார்ட்ஸ் வாசித்தான். என்னைச் சேர்ந்து வாசிக்கச் சொல்லவில்லை. அவ்வளவு நன்றாக அவள் பாடி நான் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்து நான் அவளை முழுதாகப் பாடவிட்டதில்லை.

பஷீரின் மனைவி அவளை உள்ளே அழைத்துப் போனபோது நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது. என் வாயிலிருந்து வந்தது இது: “பஷீரு, பாப்பா கிட்ட சொல்லிடாத.”

அவன் கையிலிருந்த துணியை மடித்து வைத்தான்.

“பஸ் ஸ்டாண்டுல வந்து நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு சொன்னேன், ஞாபகம் இருக்குதா சார்? தப்பா எண்ணலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். மேடைல இருந்தது நீங்க ஒருத்தர்தான். நெசத்த சொல்லுவீங்களான்னு பாக்கத்தான் வந்தேன். சொல்லியிருந்தா அங்கியே விட்டுட்டிருப்பேன். தோள்ல தட்டுனீங்க.”

நான் டீ கிளாஸை நகர்த்தி வைத்தேன்.

“நான் சொல்ல மாட்டேன் சார். அது உங்க வேல.” பிறகு வழக்கமான குரலில், “டீ ஆறிப்போச்சி. வேற போடச் சொல்லட்டா?” என்றான்.

6

திரும்பும் ஆட்டோவில், ஆசிரமத்தைத் தாண்டும்போது சகானா ஜெர்மனுக்கு மாறாமல் தமிழிலேயே கேட்டாள். முக்கியமான விஷயம் என்றால் எப்போதும் ஜெர்மனுக்கு மாறிவிடுவாள்; அப்படி ஒன்றைத் தமிழில் கேட்பது அதுதான் முதல் தடவை.

“அப்பா, அது நீங்களோ?”

“இல்லை” என்றேன்.

“சரி” என்றாள்.

டோர்ட்முண்டுக்குத் திரும்பி வந்து இப்போது இரண்டு மாதம். சான்று தபாலில் வந்துவிட்டது. நான் கிடங்குக்குப் போகிறேன், ஸ்கேனர் அதே சுரத்தில் கத்துகிறது. நல்ல செய்தி ஒன்று உண்டு, ஏழு வருடத்துக்குப் பிறகு சகானா மறுபடி என் கீபோர்டைத் தொடுகிறாள். பள்ளிவிட்டு வந்ததும் ஹாலில் உட்கார்ந்து பஷீரின் பாட்டை வாசிக்கிறாள். நான் சோபாவில் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

ஒவ்வொரு நாளும் உட்கார்ந்ததும் முதல் வேலையாக இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குகிறாள். திரையில் பூஜ்யம் வந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் கட்டையில் கை வைக்கிறாள்.

என் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தக் கீபோர்டைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர்தான்.